டெத் நோட் வேறொருவர் கையில் கிடைத்திருந்தால்? பாத்திரங்களின் மனத்தை அளந்து பார்க்க ஓர் இழை

பதிவு 1 | நெய்தல்

இந்த இழையில் டெத் நோட், ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட், கோட் கியாஸ், மான்ஸ்டர், நருட்டோ ஆகியவற்றின் முடிவுகள் மறைக்கப்படாமல் பேசப்படும். பார்க்காதவர்கள் பார்த்த பிறகு வாசிப்பது நல்லது.

இரண்டு அனிமே உலகங்களை இணைத்து ரசிகர்கள் எழுதும் கிராஸ்ஓவர் கதைகளில் பெரும்பாலானவை, யார் யாரைத் தோற்கடிப்பார் என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கேள்வியில் பிழையில்லை. ஆயினும் ஒரு பாத்திரத்தின் வலிமையை அளப்பதைவிட அதன் மனத்தை அளப்பது கடினம்; சுவையும் அதில்தான் கூடுதல். அதற்கு மிகப் பொருத்தமான கருவியாக எனக்குத் தோன்றுவது டெத் நோட்: ஒருவரின் பெயரை எழுதினால் அவர் சாகும் குறிப்பேடு. அதைப் பயன்படுத்த உடல் வலிமையோ பயிற்சியோ வேண்டியதில்லை; ஒரு முகமும் ஒரு பெயரும் ஒரு பேனாவும் போதும். ஆகவே அதை எடுத்தவர் என்ன செய்கிறார் என்பதில் அவருடைய திறமைக்குப் பங்கு குறைவு, குணத்துக்கே பங்கு அதிகம்.

விதிகள் மூலக்கதையில் உள்ளபடியே இருக்கட்டும். சாக வேண்டியவரின் முகம் மனத்தில் இருக்க வேண்டும், உண்மைப் பெயர் எழுதப்பட வேண்டும். 40 விநாடிகளுக்குள் காரணம் எழுதப்படாவிட்டால் மாரடைப்பு. எழுதினால் விவரங்களைச் சேர்க்க மேலும் 6 நிமிடம் 40 விநாடிகள் உண்டு. சாவுக்கு முந்தைய செயல்களை 23 நாட்கள் வரை கட்டுப்படுத்தலாம். ஷினிகாமி என்ற மரண தேவதையின் கண்கள் (பிறரின் பெயரையும் எஞ்சிய ஆயுளையும் காட்டுபவை) வேண்டுமானால் தன் எஞ்சிய ஆயுளில் பாதியைக் கொடுத்துவிட வேண்டும். உரிமையைத் துறந்தால் அந்தக் குறிப்பேட்டைப் பற்றிய நினைவும் போய்விடும்.

மூலக்கதையின் நாயகன் லைட் யாகமியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நமக்கு அளவுகோல் அவன்தான். அவன் முதலில் எழுதியது, மழலையர் காப்பகத்தில் பிணைக்கைதிகளைப் பிடித்து வைத்திருந்த ஒருவனின் பெயரை. அதைச் சோதனை என்றும் கொள்ளலாம், நல்லெண்ணம் என்றும் கொள்ளலாம். அவனுடைய குணம் எனக்கு ஐயமின்றித் தெரிந்த இடம் வேறு. அவனைத் தேடும் துப்பறிவாளர் எல் என்ற பெயரில் தொலைக்காட்சியில் தோன்றிய லிண்ட் எல். டெய்லர், கிரா (லைட்டுக்கு மக்கள் இட்ட பெயர்) செய்வது தீமை என்று சொன்ன உடனே லைட் அவர் பெயரை எழுதிவிடுகிறான். டெய்லர் மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதி என்பது அப்போது அவனுக்குத் தெரியாது. அவன் அறிந்த அளவில் அவன் கொன்றது தன்னை மறுத்துப் பேசிய ஒரு மனிதரை. குற்றமற்ற உலகைப் படைக்கப் புறப்பட்டவன் இரண்டாவது அத்தியாயத்திலேயே இந்த இடத்துக்கு வந்துவிட்டான்.

மூலக்கதையைப் படைத்தவர்களும் இந்தக் குறிப்பேட்டை வேறு கைகளில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். 2003-இல் வந்த சோதனை அத்தியாயத்தில் அது தாரோ ககாமி என்ற 13 வயதுச் சிறுவனிடம் கிடைக்கிறது. அவன் அறியாமல் எழுதுகிறான், பிறகு நடுங்குகிறான். 2020-இல் வந்த தனிக்கதையில் மினோரு தனாக்கா என்ற மாணவன் ஒரு பெயர்கூட எழுதாமல் அதை ஏலத்தில் விற்கிறான். ஆகவே நாம் கேட்கப் போவது அந்நியமான கேள்வியில்லை. எந்தப் பாத்திரம், எந்தப் பெயரை, எந்த வேளையில் எழுதும்? எழுதாது என்றால் அதைத் தடுப்பது எது?

பதிவு 2 | வடகாற்று

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டின் நாயகன், ரசவாதி எட்வர்ட் எல்ரிக்கின் கையில் வைத்துப் பார்க்கிறேன்.

அவனைக் கோபக்காரன், குட்டையன் என்றால் கொதிப்பவன் என்று மட்டும் எழுதும் ரசிகர் கதைகள் ஏராளம். எனக்கு அவன் முதலில் ஓர் ஆய்வாளன். எந்தப் பொருளைக் கண்டாலும் அது எதனால் ஆனது, எதைக் கொடுத்து எதைப் பெறுகிறது என்று கேட்பவன். தாயை உயிர்ப்பிக்க முயன்றதற்கு ஒரு காலையும், தம்பியின் ஆன்மாவை மீட்டுக் கவசத்தில் பொருத்தியதற்கு ஒரு கையையும் கொடுத்தவன். அப்படிப்பட்டவன் டெத் நோட்டின் முதல் பக்கத்தைப் படித்தவுடன் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: எழுதுபவன் எதையும் இழப்பதில்லையே, பிறகு விலையைக் கட்டுவது யார்?

இந்த இடத்தில்தான் இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று தொடுகின்றன. ஷினிகாமிகள் ஒரு மனிதனின் பெயரை எழுதும்போது அவனுடைய எஞ்சிய ஆயுள் அவர்களுடைய ஆயுளோடு சேர்கிறது. அவர்கள் வாழ்வதே அப்படித்தான். எட்வர்ட் இதைக் கேட்டால் அவனுக்கு நினைவுக்கு வரப்போவது தத்துவக்கல். மனித உயிர்களை உருக்கிச் செய்த கல், அதைத் தின்று நூற்றாண்டுகள் வாழும் ஹோமுன்குலஸ்கள் என்ற செயற்கை மனிதர்கள். ரியூக் என்ற ஷினிகாமி சலிப்பினால்தான் குறிப்பேட்டைக் கீழே போட்டான் என்பதை லைட் ஒரு தகவலாகக் கேட்டுக்கொண்டு கடந்து போகிறான். எட்வர்ட் கடந்து போகமாட்டான். மனிதர்களைத் தீனியாகவும் வேடிக்கைப் பொருளாகவும் பார்க்கும் இனம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த கணத்திலிருந்து அவனுடைய கதை குற்றவாளிகளைப் பற்றியதாகவே இராது. ஷினிகாமி உலகத்தைப் பற்றியதாக மாறிவிடும்.

ஆகவே என் முடிவு: அவன் ஒரு பெயரும் எழுதமாட்டான். கொல்லமாட்டேன் என்ற உறுதியைக் கிம்பிளி என்ற எதிரியோடு மோதியபோதுகூட அவன் விடவில்லை. அந்த உறுதியால்தான் இரும்புக் கம்பி வயிற்றைத் துளைக்கும் நிலைக்கு ஆளானான். அப்படி விலை கொடுத்துக் காத்த ஒன்றைக் காகிதத்தில் இழப்பான் என்று நான் நம்பவில்லை.

பதிவு 3 | இராப்பாடி

வடகாற்று எழுதியதில் ஆராய்ச்சிப் பகுதியை முழுமனத்தோடு ஏற்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. நினா டக்கரை நினைத்துப் பாருங்கள்.

அரசு ரசவாதி என்ற தகுதியைக் காத்துக்கொள்வதற்காக ஷோ டக்கர் தன் மகள் நினாவையும் அவளுடைய நாய் அலெக்சாண்டரையும் இணைத்து கிமேரா என்ற கலப்பு உயிரை உருவாக்கினார் என்று எட்வர்டுக்குப் புரியும் அந்தக் காட்சியில் அவன் என்ன செய்கிறான்? சுவரோடு சேர்த்து டக்கரின் முகத்தில் குத்துகிறான், மீண்டும் மீண்டும் குத்துகிறான். அவன் நிறுத்தியதற்குக் காரணம் அவனுடைய கொள்கை அன்று. தம்பி அல்போன்ஸ் அவன் கையைப் பிடித்தான். இன்னும் அடித்தால் செத்துவிடுவார் என்று சொன்னான். அந்த இரவில் எட்வர்டின் சட்டைப்பையில் டெத் நோட் இருந்திருந்தால்? முகம் தெரியும், பெயர் தெரியும். குத்துவதற்கு அருகில் போக வேண்டும், அருகில் போனால் தம்பி பார்ப்பான், தம்பி பார்த்தால் கையைப் பிடிப்பான். எழுதுவதற்கு இவை எதுவும் வேண்டாம். விடுதி அறையில் விளக்கடியில் உட்கார்ந்து எழுதிவிடலாம். 40 விநாடிகளில் அல்போன்ஸுக்குத் தெரியவே போவதில்லை.

என் கருத்தைச் சுருக்காமல் சொல்கிறேன். ஒரு மனிதனுக்குள் இருக்கும் நன்மையை நாம் அவனுடைய சொத்தாக மட்டும் எண்ணிக்கொள்கிறோம். அதில் பெரும்பங்கு அவனைச் சுற்றி நிற்பவர்களிடம் இருக்கிறது. டெத் நோட் என்ற கருவியின் உண்மையான கொடுமை அது கொல்கிறது என்பதைவிட, கொல்பவனைத் தனியாக்கிவிடுகிறது என்பதே. கத்தியும் துப்பாக்கியும்கூட ஒருவனை இவ்வளவு தனியாக்குவதில்லை. லைட்டைப் பற்றிப் பேசும்போது அவனுடைய அகந்தையை எல்லோரும் சொல்கிறார்கள். தொடக்கம் முதல் அவன் அறையின் கதவு பூட்டியே இருந்ததை யாரும் பேசுவதில்லை.

பதிவு 4 | பனிமலர்

ஒரு சிறு சேர்க்கை. எட்வர்ட் பிற உயிர்களை ஒருபோதும் பயன்படுத்தவில்லை என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். குளட்டனி என்ற ஹோமுன்குலஸின் வயிற்றுக்குள் சிக்கிக்கொண்டபோது, வெளியேறும் வாயிலைத் திறப்பதற்கு அவன் என்வி என்ற இன்னொரு ஹோமுன்குலஸின் உள்ளே இருந்த தத்துவக்கல்லைத்தான் விலையாகக் கொடுத்தான். கல்லில் உள்ள உயிர்களுக்கு உடலே இல்லை, திரும்ப வழியே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு செய்தான். எழுதுவதா கூடாதா என்ற கேள்வியில் இந்தக் காட்சியைக் கணக்கில் எடுக்காத எந்த எட்வர்டும் பாதி எட்வர்ட்தான்.

பதிவு 5 | வடகாற்று

பனிமலர் சொன்ன காட்சி என் வாதத்தை வளப்படுத்துகிறது. அங்கே அவன் செய்ததை மறைக்கவில்லை. தோழன் லிங் பக்கத்தில் இருந்தான், என்வியும் இருந்தது, எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டுச் செய்தான். இராப்பாடி சொல்லும் தனிமை அங்கே இல்லை. ஆகவே என் எட்வர்ட் குறிப்பேட்டைக் கண்டெடுத்த அன்றே அல்போன்ஸிடம் காட்டுவான் என்று நான் திருத்தி எழுதுகிறேன். டக்கர் சம்பவத்துக்கு முன்பே காட்டியிருந்தால் அந்த இரவும் வேறாக இருக்கும்.

பதிவு 6 | தாழம்பூ

ஆளுமை ஆய்வு என்ற பெயரில் நாம் வழக்கமாகச் செய்வதைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று தோன்றுகிறது. ரசிகர்கள் நடுவே, மனிதர்களை நான்கெழுத்து ஆளுமை வகைகளாகப் பிரிக்கும் எம்பிடிஐ வகைகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். லைட் யாகமியும் கோட் கியாஸின் நாயகன் லெலூச்சும் அந்தப் பட்டியல்களில் அருகருகே உட்கார வைக்கப்படுகிறார்கள். ஐஎன்டிஜே என்றோ இஎன்டிஜே என்றோ இருவருக்கும் ஒரே சீட்டை ஒட்டிவிடுகிறோம். திட்டமிடுபவர்கள், தொலைநோக்குள்ளவர்கள், பிறரைக் காய்களாக நகர்த்துபவர்கள் என்று காரணமும் சொல்கிறோம். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த இருவரும் எப்படிச் சாகிறார்கள் என்று பாருங்கள்.

லைட், மங்காவில் ரியூக்கின் முன் உயிருக்குக் கெஞ்சுகிறான். அனிமேயில் குண்டடிபட்டு ஓடிப்போய்ப் படிக்கட்டில் விழுகிறான். லெலூச் உலகத்தின் வெறுப்பையெல்லாம் தன் ஒருவன்மீது திரட்டிக்கொண்டு, ஸீரோவின் முகமூடி அணிந்த நண்பன் சுசாக்குவின் வாளுக்குத் தன் நெஞ்சைக் கொடுக்கிறான். கொல்லப்படத் துணிந்தவனுக்கே கொல்லும் தகுதி உண்டு என்ற எண்ணத்தை அவன் தொடக்கத்திலேயே வெளிப்படையாக வைத்திருந்தான். முடிவில் அதற்குக் கணக்குத் தீர்த்தான். ஒரே சீட்டு ஒட்டப்பட்ட இருவரில் ஒருவன் தன் உயிரைத் திட்டத்தின் ஒரு பகுதியாக வைக்கிறான், மற்றவன் தன் உயிரைத் திட்டத்துக்கு வெளியே வைக்கிறான். சீட்டுக்கு எட்டாத வேறுபாடு இது.

இனி லெலூச்சிடம், பிறரைத் தன் கட்டளைக்குக் கீழ்ப்படியவைக்கும் ஆற்றலான கியாஸுக்குப் பதிலாக டெத் நோட்டைக் கொடுத்துப் பார்க்கிறேன். முதல் நாளே தந்தையான பேரரசர் சார்ல்ஸின் பெயரை எழுதுவான் என்பதே பலரின் முதல் எண்ணம். நான் அப்படி நினைக்கவில்லை. தாய் மரியான் எப்படிக் கொல்லப்பட்டார் என்ற உண்மை அவனுக்கு வேண்டும். தன் மாற்றாந்தாய்க்குப் பிறந்த அண்ணன் குளோவிஸைச் சுடுவதற்கு முன்பு கியாஸால் அவனைப் பேச வைத்ததும் அதற்காகவே. ஆகவே சாவுக்கு முந்தைய செயல்களைக் கட்டுப்படுத்தும் விதியை அவன் பயன்படுத்துவான்: அறிந்ததை எல்லாம் எழுதி வைத்துவிட்டுச் சாகட்டும் என்று எழுதுவான். அரண்மனையிலிருந்து ஒவ்வொருவராக வாக்குமூலம் எழுதிவிட்டு விழுவார்கள்.

என்னைக் கலங்கச் செய்வது இதற்கு அடுத்த படி. கோட் கியாஸில் லெலூச்சை உடைத்தது இளவரசி யூஃபிமியா. விளையாட்டாகச் சொன்ன ஒரு வாக்கியம், அடங்காமல் இயங்கத் தொடங்கிவிட்ட கியாஸால் கட்டளையாகி, அந்த மென்மையான பெண் ஜப்பானியர்களைக் கொன்று குவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டாள். அவளை அவனே சுட வேண்டி வந்தது. குறிப்பேட்டில் இப்படி நா தவற வழியில்லை. எழுதியது மட்டுமே நடக்கும். அப்படியானால் யூஃபிமியா பிழைப்பாள், ஆனால் தன் ஆற்றல் தன்னைவிடப் பெரியது என்று லெலூச்சுக்குக் கற்பித்த அந்தப் பாடமும் நடக்காது. பிழையே செய்ய விடாத கருவி கையில் இருந்தால் லெலூச் மெல்ல மெல்ல லைட்டாகிவிடுவான் என்று அஞ்சுகிறேன். இருவருக்கும் இடையே நாம் மதிக்கும் தூரம் பிறவிக் குணத்தால் வந்ததைவிடக் குற்றவுணர்வால் வந்ததே அதிகம்.

பதிவு 7 | மஞ்சள்வெயில்

தாழம்பூவின் லெலூச் பகுதியை இருமுறை வாசித்தேன். யாராவது அதை முழுக்கதையாக எழுத வேண்டும். ஆனால் வகைப்படுத்துதலை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜப்பானில் இது நமக்கு முன்பே வேரூன்றிய பழக்கம். 1927-இல் தாக்கெஜி ஃபுருகாவா இரத்த வகையையும் மனப்பாங்கையும் தொடர்புபடுத்தி எழுதினார். 1970-களில் மசாஹிக்கோ நோமியின் நூல்கள் அதை மக்களிடம் கொண்டு சேர்த்தன. அறிவியல் ஆதரவு அதற்கு இல்லை. ஆயினும் மங்கா பாத்திரங்களின் அதிகாரபூர்வக் குறிப்புகளில் பிறந்த நாளோடு இரத்த வகையும் இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. நருட்டோவுக்கு பி, சசுக்கேவுக்கு ஏபி, சக்குராவுக்கு ஓ என்று படைத்தவர் தரப்பே சொல்லிவிடுகிறது. பி வகையினர் தன் போக்கில் போகிறவர்கள் என்று கேட்டு வளர்ந்த வாசகருக்கு அந்த ஓரெழுத்தே ஒரு பாத்திரச் சித்திரம். எம்பிடிஐயை நாம் பயன்படுத்துவதும் அப்படித்தான். அது உளவியல் உண்மையா என்பது வேறு; ஒருவர் படைத்த பாத்திரத்தை இன்னொருவர் எடுத்து எழுதும்போது, குறைந்தது எந்தத் திசையில் நிற்கிறோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பொதுச்சொல் தேவைப்படுகிறது. வகை தெரியாமல் எழுதப்பட்டு, எல் கும்பலோடு சேர்ந்து கூச்சலிட்டுக் கொண்டாடும் கதைகளை நான் வாசித்திருக்கிறேன். அவற்றைவிட வகை தெரிந்து எழுதியவை மேல்.

பதிவு 8 | தாழம்பூ

மஞ்சள்வெயில் சொல்வது நியாயம். வாசலைக் காட்டும் அளவுக்கு வகை உதவுகிறது. ஆனால் டெத் நோட்டுக்குள்ளேயே அதற்கு எதிரான சோதனை ஒன்று நடந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். லைட் உரிமையைத் துறந்து நினைவிழக்கும் யோட்சுபா பகுதியில், அதே அறிவும் அதே பேச்சும் அதே நிதானமும் கொண்ட ஓர் இளைஞன் நம் முன் நிற்கிறான். மீசாவுக்குத் தன்மேல் உள்ள காதலைப் பயன்படுத்தித் தகவல் பெறலாம் என்ற யோசனை வந்தபோது, ஒரு பெண்ணின் உணர்வை அப்படிக் கையாள்வதை அவன் மறுக்கிறான். சில அத்தியாயங்களுக்கு முன்பு அதே மீசாவை அவன் கருவியாக்கி வைத்திருந்தான். ஹெலிகாப்டரில் குறிப்பேட்டைத் தொட்டவுடன் பழைய லைட் திரும்பி வந்து, எல்லாம் திட்டப்படி நடந்தது என்று உள்ளுக்குள் களிக்கிறான். இந்த இரண்டு லைட்டுகளுக்கும் எந்தப் பட்டியலிலும் ஒரே நான்கெழுத்துதான் கிடைக்கும். நமக்கு வேண்டிய விடை அந்த நான்கெழுத்துக்கு அப்பால் இருக்கிறது.

பதிவு 9 | இராப்பாடி

அதே கதையில் லைட்டின் தந்தை சொய்ச்சிரோ யாகமியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் ஆயுளில் பாதியைக் கொடுத்துக் கண்களைப் பெற்று, எதிரி மெல்லோவின் மறைவிடத்துக்குள் நுழைந்து, அவனுடைய உண்மைப் பெயரையும் கண்டுவிட்ட அந்த மனிதரால் எழுத முடியவில்லை. தயங்கினார், சுடப்பட்டார். லைட்டுக்கும் அவருக்கும் ஒரே வீடு, ஒரே நீதியுணர்வு. ஒரு தலைமுறைதான் இடைவெளி. தந்தை காவல்துறையில் உடன் பணிபுரிபவர்களோடு சேர்ந்து நீதியைக் கற்றவர். மகன் அதைத் தேர்வுத்தாள்போல் தனியே எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவன்.

பதிவு 10 | கல்வெட்டு

இவ்வளவு நேரமும் மான்ஸ்டரின் நாயகன் டாக்டர் கென்சோ டென்மாவின் பெயரை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். மான்ஸ்டர், டெத் நோட் ஆகிய இரண்டின் அனிமேயையும் மேட்ஹவுஸ் நிறுவனமே தயாரித்தது என்பதால் ரசிகர்கள் இவற்றை அடிக்கடி ஒன்றாக வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் மான்ஸ்டரின் கொலைகாரன் ஜோஹனும் லைட்டும் மோதினால் என்ன ஆகும் என்றுதான் பேசுகிறார்கள். ஜோஹனிடம் குறிப்பேட்டைக் கொடுப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அவனுக்கு அது தேவையே இல்லை. சில வார்த்தைகளாலேயே மனிதர்களைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடியவன் அவன். டென்மாவிடம் கொடுத்தால்தான் சோதனை.

1986-இல் டூசல்டார்ஃபில், நகரத் தலைவருக்கு அறுவை செய்யுமாறு மருத்துவமனை இட்ட கட்டளையை மீறி, முதலில் வந்த சிறுவனுக்கு அறுவை செய்தவர் அவர். எல்லா உயிரும் சமம் என்று நம்பினார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சிறுவன் அவர் கண்ணெதிரே ஒருவரைச் சுட்டுக் கொன்றபோது அந்த நம்பிக்கையே அவருக்குத் தண்டனையானது. அதன் பிறகு அவர் துப்பாக்கி ஏந்திக்கொண்டு ஜோஹனைத் தேடி அலைகிறார். கொல்ல விரும்பாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. கொல்லப் புறப்பட்டவர் அவர். மியூனிக் பல்கலைக்கழக நூலகத்தில் ஜோஹன் அவருடைய துப்பாக்கிக் குறியில் தெளிவாக நின்றபோதும் அவரால் விசையை அழுத்த முடியவில்லை.

விசையை அழுத்தத் தேவையில்லாத ஒரு கருவி அன்று அவரிடம் இருந்திருந்தால் எழுதியிருப்பாரா? இங்கேதான் இந்த இரண்டு கதைகளும் ஒன்றையொன்று எதிர்பார்த்து எழுதப்பட்டவைபோல் பொருந்துகின்றன. டெத் நோட்டுக்கு உண்மைப் பெயர் வேண்டும். ஜோஹனுக்குப் பெயர் இல்லை. ஜோஹன், லீபெர்ட் இரண்டுமே வழியில் பிறரிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. பெயரில்லாத அரக்கன் என்ற படக்கதையே அவனுடைய வாழ்வின் மையம். டென்மா எத்தனை பக்கங்கள் எழுதினாலும் அவன் சாகமாட்டான்.

பதிவு 11 | பனிமலர்

கண்களின் பரிமாற்றத்தைக் கல்வெட்டு கணக்கில் எடுக்கவில்லையே? ஷினிகாமியின் கண்கள் கொல்வதற்குத் தேவையான பெயரைக் காட்டிவிடும்; அது எந்தப் பதிவேட்டிலும் இல்லாவிட்டாலும் காட்டும். டென்மா தன் ஆயுளில் பாதியைக் கொடுக்கத் தயங்குபவரா? அந்த மனிதர் தன் வேலை, நிச்சயிக்கப்பட்ட திருமணம், நற்பெயர் எல்லாவற்றையும் ஏற்கெனவே இழந்தவர்.

பதிவு 12 | கல்வெட்டு

நல்ல கேள்வி, இதைப் பற்றிச் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கொடுக்கத் தயங்கமாட்டார் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கண்கள் பெயரோடு நிற்பதில்லை. எதிரில் இருக்கும் ஒவ்வொருவரின் எஞ்சிய ஆயுளையும் காட்டும். லைட் அந்தக் கண்களை மறுத்தான், மீசா எளிதாக ஏற்றாள். இருவருமே அந்த எண்களை வேட்டைக்காரரின் பார்வையில்தான் நினைத்தார்கள். ஒரு மூளை அறுவை மருத்துவருக்கு அந்த எண்கள் என்ன ஆகும்? தலைமறைவாக அலையும் காலத்திலும் டென்மா வழியில் காண்பவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே போகிறார். இனி ஒவ்வொரு நோயாளியின் தலைக்கு மேலும் ஓர் எண் மிதக்கும். இன்று இரவோடு எண் முடிகிற ஒருவருக்கும் இன்னும் 50 ஆண்டுகள் இருக்கிற ஒருவருக்கும் ஒரே நேரத்தில் அறுவை தேவைப்பட்டால்? நகரத் தலைவரா சிறுவனா என்று 1986-இல் மருத்துவமனை அவர்மீது சுமத்திய கேள்வியை இப்போது அவருடைய கண்களே நாள்தோறும் சுமத்தும்.

என் டென்மா என்ன செய்வார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எண் முடிகிறவருக்கும் அறுவை செய்வார். முடியப்போவது தெரிந்தும் செய்வார். லைட் உலகத்தில் யார் வாழத் தகுந்தவர் என்று கணக்கிடுகிறான். அந்தக் கணக்கின் விடையே கண்முன் எழுதியிருந்தாலும் அதைப் பாராமல் கைகழுவிக்கொண்டு அறுவைக் கூடத்துக்குள் நுழைபவர் டென்மா. நான் அவரை விரும்புவதன் காரணம் இதுதான். வலிமையான நாயகர்கள் அனிமேயில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். இப்படியொருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கதையின் இறுதியில் நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டென்மா ஜோஹனின் தாயைத் தேடிச் சென்று பார்க்கிறார். ஜோஹனுக்கும் அவனுடைய இரட்டைச் சகோதரிக்கும் உண்மையில் பெயர் இருந்தது என்று அறிகிறார். ஆகவே அந்த இடத்தில் உலகிலேயே அவர் கையில்தான் டெத் நோட் ஜோஹனுக்கு எதிராக வேலை செய்யும். பெயரை அறிந்துகொண்ட அவர், நினைவின்றிப் படுத்திருக்கும் ஜோஹனிடம் போய் அதைச் சொல்கிறார். கொல்லத் தேவையான அதே செய்தியை அவர் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறார். மூலக்கதையை எழுதியவர் டெத் நோட் வருவதற்கு முன்பே, 2001-இல் மான்ஸ்டரை முடித்துவிட்டார். இருந்தும் எந்தக் கிராஸ்ஓவரும் இதைவிட நேர்த்தியாக இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட முடியாது.

பதிவு 13 | மஞ்சள்வெயில்

கல்வெட்டின் பதிவுக்குப் பிறகு நான் வகைகளைப் பற்றி மேலும் வாதிடப் போவதில்லை. நருட்டோவின் இட்டாச்சியைப் பற்றி யாராவது எழுதுங்கள். அவன் குறிப்பேட்டைப் பயன்படுத்துவான் என்பது எனக்கு உறுதி. எப்படி என்பதுதான் தெரியவில்லை.

பதிவு 14 | நெய்தல்

இட்டாச்சி உச்சிஹாவைப் பொறுத்தவரை, எந்த இட்டாச்சி என்று முதலில் கேட்க வேண்டும். கிராமத்தைக் காப்பாற்றக் குலத்தையே கொன்று, தம்பியின் வெறுப்பைத் தானே விரும்பி ஏற்று, உண்மையை ஒருவரிடமும் சொல்லாமல் வாழ்ந்த இட்டாச்சியிடம் இருந்திருந்தால், ஒரே இரவில் சத்தமின்றி எழுதி முடித்திருப்பான்; தம்பி சசுக்கேவுக்கு வெறுக்க ஒரு முகம்கூடக் கிடைத்திராது. ஆனால் இறந்தபின் கபுட்டோவின் மந்திரத்தால் மீண்டு வந்த இட்டாச்சி வேறு. எல்லாவற்றையும் தனியே தாங்க முயன்றதுதான் தன் தோல்வி என்றும், தொடக்கத்திலேயே தம்பியிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் உணர்ந்தவன் அவன். அவனிடம் கொடுத்தால் நேராக நருட்டோவிடம் கொண்டுபோய்க் காட்டுவான். ரசிகர் கதைகளில் பாத்திரத்தின் பெயரைப் போடுகிறோம், அதன் கதையில் எந்தக் கட்டத்திலிருந்து எடுக்கிறோம் என்று போடுவதில்லை. பாதிக் குழப்பம் அங்கிருந்தே வருகிறது.

பதிவு 15 | இராப்பாடி

அப்படியானால் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டின் இராணுவ அதிகாரி, தீ ரசவாதி ராய் மஸ்டாங்கை எடுத்து, கட்டத்தையும் குறித்தே தருகிறேன்: நண்பர் ஹியூஸின் கொலைக்குப் பிறகு, மரியா ராஸ் என்ற அதிகாரிதான் கொலையாளி என்று இராணுவம் அறிவித்த நாள்.

லைட் எழுதிய பெயர்களெல்லாம் எங்கிருந்து வந்தன? தொலைக்காட்சிச் செய்தியிலிருந்தும் காவல்துறைக் கோப்புகளிலிருந்தும். அந்தச் செய்தி தவறாக இருந்தால் என்ன என்ற கேள்வி அவனைத் தடுத்ததே இல்லை. மஸ்டாங்கின் நாடான ஏமெஸ்ட்ரிஸில் செய்தியைக் கொடுப்பதே குற்றவாளிகள்தான். ஹியூஸைக் கொன்றது என்வி, பழி ராஸின்மேல். மூலக்கதையில் மஸ்டாங் அந்தச் சூழ்ச்சியை உணர்ந்து, ராஸை எரித்துக் கொன்றுவிட்டதாக எல்லோரையும் நம்பவைத்து, அவரை ஜிங் நாட்டுக்குத் தப்பவைக்கிறார். அதற்கு அவருக்கு அவகாசம் தேவைப்பட்டது. இறந்தவர் அவருடைய உயிர் நண்பர். 40 விநாடிகளில் முடித்துவிடலாம் என்ற வாய்ப்பு மேசைமேல் கிடக்கும்போது அந்த அவகாசத்தை அவர் எடுத்துக்கொள்வாரா? பின்னால் உண்மைக் கொலையாளியைக் கண்டபோது அவர் வெறியோடு எரித்ததையும், எட்வர்டும் ஸ்காரும் ஹாக்ஐயும் சேர்ந்து அவரைத் தடுக்க வேண்டி வந்ததையும் பார்த்தவர்கள் எளிதாக விடை சொல்லமாட்டார்கள்.

பதிவு 16 | வடகாற்று

ஆனால் மஸ்டாங்கிடம் லைட்டுக்கு இல்லாத ஒருவர் இருக்கிறார். தான் வழி தவறினால் பின்னாலிருந்து சுட்டுவிடும்படி உதவி அதிகாரி ரிசா ஹாக்ஐயிடம் அவரே பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார். குறிப்பேட்டை அவர் ஹாக்ஐயிடமே கொடுத்து, உரிமையையும் துறந்துவிடலாம். அவருக்கு நினைவு அழியும், ஹாக்ஐ மட்டும் சுமப்பார். இது ஒரு நல்ல கதைக்கரு என்று நினைக்கிறேன்.

பதிவு 17 | கல்வெட்டு

கரு நல்லதுதான், ஆனால் அந்த மஸ்டாங் மறதியைத் தேர்ந்தெடுக்கமாட்டார். இஷ்வால் போரில் தான் செய்ததை மறக்காமல் இருப்பதே அவருடைய அரசியல். நாட்டின் தலைமைக்கு வந்து, மக்களாட்சியை அமைத்து, அந்தப் போரின் வீரர்கள் என்று கொண்டாடப்பட்டவர்களை, தன்னையும் சேர்த்து, விசாரணைக்கு உட்படுத்த விரும்புகிறவர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு கொலைக்கருவியைத் தொட்டதையே மறந்துவிடும் வழியை எடுப்பார் என்று எழுதினால், மஸ்டாங்கின் பெயர் மட்டும்தான் கதையில் மிஞ்சும். ஹாக்ஐயின் மேல் அந்தப் பாரத்தைத் தனியே சுமத்துவதும் அவருக்கு ஒவ்வாது. தன் தந்தையின் ஆராய்ச்சியை முதுகில் சுமந்த பெண்ணுக்கு இன்னொரு இரகசியத்தைச் சுமத்த அவர் மனம் ஒப்பாது. இருவரும் நினைவோடு இருக்க வேண்டும்.

பதிவு 18 | நெய்தல்

கல்வெட்டின் மறுப்பை ஏற்று, இந்த இழையில் பேசியவர்கள் சேர்ந்து எழுதலாம் என்று முன்மொழிகிறேன். தொடக்கம்: ராஸின் படத்தோடு செய்தித்தாள் வெளிவந்த காலை. குறிப்பேடு ஏற்கெனவே மஸ்டாங்கின் மேசை இழுப்பறையில் இருக்கிறது, ஹாக்ஐக்கு இன்னும் தெரியாது. எட்வர்டை இந்தக் கதைக்குள் கொண்டுவர வேண்டாம். அவன் வந்தால் ஷினிகாமிகளைப் பற்றிய கதையாகிவிடும் என்று வடகாற்று சொன்னது சரி. ரியூக் பேசட்டும், ஆனால் அறிவுரை சொல்லக் கூடாது. மூலக்கதையில் அவன் யாருக்கும் அப்படிச் செய்வதில்லை.

முதல் பகுதியை இராப்பாடி எழுதட்டும், ஏனெனில் அவர் மஸ்டாங் எழுதிவிடுவார் என்று நம்புகிறார். ஹாக்ஐ அறைக்குள் நுழையும் இடத்திலிருந்து வடகாற்று தொடரட்டும். இழுப்பறையைத் திறந்து முதலில் காட்டுவது மஸ்டாங்கா, கேட்பது ஹாக்ஐயா என்பதை மட்டும் எழுதத் தொடங்கும் முன் இங்கே முடிவு செய்துகொள்வோம். அவரே காட்டுவார் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

பதிவு 19 | இராப்பாடி

எழுதுகிறேன். ஆனால் அவர் காட்டமாட்டார், ஹாக்ஐதான் கேட்பார். ஹியூஸின் இறுதிச் சடங்கில் மழை பெய்வதாகச் சொல்லிக்கொண்டு அழுத மனிதர் அவர். அருகில் நின்ற ஹாக்ஐ முதலில் மழை இல்லையே என்று சொன்னாலும், பிறகு மழை என்றே ஏற்றுக்கொண்டார். இருவருக்கும் இடையே மிக முக்கியமானவை அப்படித்தான் பேசப்படுகின்றன. அந்த ஒரு காட்சியை அடிப்படையாக வைத்தே என் பகுதியை எழுதப் போகிறேன்.